ஓதம் காக்கும் சுவர்: பூசுவதற்கு முன் வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

குன்னூரில் எங்களுக்கு ஒரே கூரையின் கீழ் மூன்று குடித்தனங்கள் உண்டு. மங்களூர் ஓடு, செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக ஒன்றரை அடித் தடிமனில் சுவர், மேட்டை வெட்டி எடுத்த மனை. அப்பா வாங்கும்போதே அது கிழட்டு வீடு. முதல் குடித்தனத்தில் நான் இருக்கிறேன். மற்ற இரண்டும் வாடகைக்கு. நடுக் குடித்தனத்தின் பின்னறைச் சுவர் ஓதத்தால், அதாவது உள்ளே ஊறிய ஈரத்தால், மூன்று ஆண்டுகள் என் உயிரை வாங்கியது. இப்போதுதான் அடங்கியிருக்கிறது. செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். ஓடு ஒழுகுகிறவர்களுக்கு இந்தப் பதிவு உதவாது. அது ஓடு மாற்றத் தெரிந்தவரைக் கூப்பிட்டு அரை நாளில் முடிக்கிற வேலை.

படி 1: குடியிருப்பவரைக் குற்றம் சொல்லாதீர்கள்

“அக்கா, பீரோவுக்குப் பின்னால் வந்து பாருங்கள்” என்று அந்த வீட்டுப் பெண் கூப்பிட்டார். பீரோவின் முதுகெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு. அறைக்குள்ளேயே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் “ஜன்னலைத் திறந்து வைத்தால்தானே ஆகும்?” என்று கேட்டுவிட்டேன். நவம்பர் மாதக் குன்னூரில் குழந்தையை வைத்துக்கொண்டு யார் ஜன்னலைத் திறப்பார்கள்? அடுத்த ஒரு மாதம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சட்டமும் அவர் பக்கம்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் (2017இல் இயற்றியது) கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது ஆகியவற்றை வீட்டுக்காரர் தலையில்தான் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்ற சில்லறை வேலைகளே குடியிருப்பவருடையவை. சோதனைக்காக உள்ளே போவதானாலும் 24 மணி நேரம் முன்னதாக எழுதித் தெரிவியுங்கள். நான் கைபேசியில் ஒரு செய்தி அனுப்பிவிட்டு, தேதியோடு படமும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பின்னால் முன்பணத்தில் கழிப்பது பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் படங்கள்தான் பேசும்.

படி 2: ஈரம் சுவரிலிருந்தா, காற்றிலிருந்தா?

இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். சமையலறை அலுமினியத் தாளில் ஓரடிக்கு ஓரடி வெட்டி, ஈரமான இடத்தில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நனைந்திருந்தால் ஈரம் அறைக்காற்றிலிருந்து வருகிறது. உட்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

கேட்க எளிது. ஆனால் எனக்கு மூன்று முறை தாள் கழன்று விழுந்தது. உப்புப் பூத்த சுவரில் எந்த டேப்பும் நிற்காது. தாளின் விளிம்பு படும் இடத்தை மட்டும் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து உதிர்த்து, தலைமுடி உலர்த்தும் கருவியை ஐந்து நிமிடம் காட்டி, சூடு ஆறுவதற்குள் அகலமான பழுப்பு நிறப் பார்சல் டேப்பை ஒட்டினேன். அப்போதுதான் நின்றது. மெல்லிய மின்கம்பி டேப்பெல்லாம் வேண்டாம்.

ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்றும் வாங்கினேன். வீண். சுவரில் இருக்கும் உப்பே மின்சாரத்தைக் கடத்துவதால், பழைய சுவரில் எங்கே குத்தினாலும் அது உச்சத்தைத்தான் காட்டும்.

எங்கள் தாளில் இரண்டு பக்கமும் ஈரம்! உட்பக்கம் சொட்டச் சொட்ட, வெளிப்பக்கம் லேசாக. ஆகவே அந்தப் பெண்ணின் துணிக்கொடிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. பெரும்பங்கு என் சுவருக்கு.

படி 3: பின்பக்கம்

நான் சறுக்கிய இடம் இதுதான். முதல் ஆண்டு பின்பக்கம் போகவே இல்லை. கொத்தனார் ஒருவர் சொன்னதைக் கேட்டு, உள்சுவரில் நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெண்டுப் பூச்சு போட்டேன். 18,000 ரூபாய். ஒரு மழைக்காலம் கழித்து, முழங்காலில் இருந்த ஈரம் இடுப்புக்கு ஏறி சுவிட்ச் பெட்டியை எட்டிப் பார்த்தது. சுண்ணாம்புச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் தானே காற்றில் விட்டுவிடும். அதற்குச் சிமெண்டுச் சட்டை போட்டால், வெளியேற வழி தேடி ஈரம் மேலே ஏறும்.

மலைச்சரிவில் இருக்கும் வீட்டில் முதலில் அளக்க வேண்டியது தரைமட்டம். கருவி எதுவும் வேண்டாம். பின்ஜன்னலின் அடிக்கட்டையிலிருந்து உள்ளே தரைவரை அளவுநாடா பிடியுங்கள். பிறகு வெளியே மண்வரை பிடியுங்கள். எங்களுக்கு உள்ளே 36 அங்குலம், வெளியே 22. வெளிமண் உள்தரையைவிட 14 அங்குலம் மேலே நிற்கிறது! மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கட்டும்போதே ஒரு வடிகால் சந்து விட்டிருக்கிறார்கள். சில்வர் ஓக் சருகு, மேட்டிலிருந்து கரைந்த மண், அதற்கு மேல் நாங்களே அடுக்கிய விறகு எல்லாம் சேர்ந்து சந்து இருந்த சுவடே இல்லை.

அந்த வடிகாலை மறுபடி தோண்டித் திறக்க வேண்டும். தோண்டும்போது கவனம் தேவை. பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழமில்லை. உள்தரைக்குக் கீழே ஆறு அங்குலத்தோடு நிறுத்துங்கள். முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல் ஐந்தைந்து அடியாகப் போங்கள். மேட்டைச் செதுக்கவே செதுக்காதீர்கள்; 2009 நவம்பரில் இந்த மலையில் சரிந்த மண் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மேடு உங்கள் தலைக்கு மேல் உயரமாக இருந்தாலோ, அதில் விரிசல் தெரிந்தாலோ, மண்வெட்டியை வைத்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அடியில் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் கொடுத்துக் கல் பரப்பி, தண்ணீரை வீட்டின் ஓரமாக வெளியேற்றினோம். இரண்டு ஆட்கள், நான்கு நாள்.

படி 4: உரித்துவிட்டுக் காத்திருங்கள்

சிமெண்டுப் பூச்சை ஈரக் கறைக்கு மேல் ஓரடிவரை கொத்தி எடுத்துவிட்டு, சுவரை நிர்வாணமாக விடுங்கள். உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். நாங்கள் ஜனவரியில் உரித்து ஏப்ரலில் பூசினோம். அந்த மாதங்களில் பின்னறை அவர்களுக்குப் பயன்படவில்லை என்பதால் வாடகையில் கால் பங்கைக் குறைத்தேன். சண்டை தீர்ந்தது அன்றைக்குத்தான்.

பூச்சு: ஒரு பங்கு நீற்றிய (தண்ணீர் விட்டு அவித்த) சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். மூட்டையில் வரும் சுண்ணாம்புத் தூளானாலும் ஓர் இரவு ஊற வையுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல்லை வாங்கி நீங்களே நீற்றுவதானால் கண்ணாடி அணியுங்கள்; தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் அப்பாதீர்கள். ஒரு வாரம் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதனால் அவசரப்படுத்த முடியாது. ஊட்டிக்காரர்கள் உறைபனிக் காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் சரி.

மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்காதீர்கள். அது இன்னொரு சிமெண்டுச் சட்டை. வெள்ளையடித்தால் போதும்.

சேர்ப்பு 1: கொடைக்கானலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: ஓதம் சுவரின் நடுவே, கணப்புக்கு (குளிர்காயச் சுவரில் கட்டிய நெருப்பிடம்) மேலே மட்டும் வருகிறதாம். மூடிய கணப்பாக இருக்குமோ என்று கேட்டேன், அப்படித்தான். யாரோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். புகைப்போக்கிக்குள் காற்று ஓட வழியில்லை. அடைப்பில் கீழே ஒரு செங்கல்லை எடுத்துக் கம்பிவலை வைத்து, மேலே மழை விழாமல் தொப்பியும் போடச் சொன்னேன். எங்கள் நடுக் குடித்தனத்திலும் அதையே செய்தோம். அலுமினியத் தாளின் வெளிப்பக்க ஈரம் அதில்தான் குறைந்தது.

சேர்ப்பு 2: வெள்ளை, சேலையில் ஒட்டுகிறது என்று இருவர் புகார். எனக்கும் வந்த புகார்தான். அடிக்கும்போது வச்சிரப் பசையைக் கொதிநீரில் கரைத்துக் கலக்க மறந்திருப்பீர்கள். ஏற்கெனவே அடித்துவிட்டால், ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுத்துவிட்டு, வச்சிரம் கலந்து இன்னொரு கை அடியுங்கள். பீரோவை மட்டும் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள்.