‘அப்பா பேசினார்’: இருபொருள் வாக்கியங்களைத் தெளிவது எப்படி?

‘மா’ என்றால் மரம், விலங்கு, குதிரை, நில அளவு. யாழ்ப்பாணத்து அடுப்படியில் அது அரிசி மா, கோதுமை மா, ஒடியல் மா. இப்படி ஒரு சொல் வந்தால் எதைப் பார்த்துப் பொருள் கொள்வது என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் மூன்று வழி சொல்கிறது: வினை, இனம், சார்பு. கணினிக்கு மொழி பழக்குகிறவர்களும் இந்த மூன்றையும்தான் வேறு வேறு பெயரில் தேடுகிறார்கள்.

முதலில் வினையைப் பாருங்கள். மா பூத்தது என்றால் மரம். மா புளித்தது என்றால் அடுப்படிச் சாமான். வினை தீர்க்காவிட்டால் கூட நிற்கும் சொற்கள்: பக்கத்தில் சீனியும் தேங்காய்ப்பூவும் இருந்தால் பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. அதுவும் இல்லையென்றால் யார், எங்கே, எதற்காகச் சொன்னார் என்ற சார்பு. ‘மா விழுந்தது’ என்று தனியே நின்றால் மூன்றுமே கைகொடுக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதும் தொல்காப்பிய விதியே. ‘மாமரம் விழுந்தது’ என்று எழுதுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே ஆட்கள் கதைப்பார்கள். பேசினால் அது ஏச்சு. ‘அம்மா என்னைப் பேசினா’ என்றால் திட்டு விழுந்திருக்கிறது. தீர்ப்பது ‘என்னை’யில் உள்ள ஐ உருபு. ‘கூட்டத்தில் பேசினார்’ என்றால் உரையாற்றினார். ஆனால் ‘அப்பா பேசினார்’ என்று மட்டும் இருந்தால் சென்னை வாசகர் ஒன்றை நினைப்பார், சுன்னாகத்து வாசகர் மற்றதை நினைப்பார். இரு பகுதியாருக்கும் போகும் எழுத்தில் ‘ஏசினார்’ அல்லது ‘உரையாடினார்’ என்று போடுவதே பாதுகாப்பு. ‘மாமா நேற்று வந்தவர்’ என்பதும் இப்படித்தான். நமக்கு அது முடிந்த வாக்கியம், மாமா வந்தார் என்று பொருள். எழுத்துத் தமிழை மட்டும் பழகிய கணினி நிரலுக்கு அது ‘வந்த ஆள்’ என்ற பெயர். வினைமுற்றைத் தேடிக்கொண்டே நிற்கும்.

க், த் போன்ற ஒற்றெழுத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ‘வேலை தேடினான்’ என்றால் தொழில் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் வேலாயுதத்தைத் தேடினான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் வேலே மூலமூர்த்தி; கோயில் மலரில் ஒரு ‘த்’ விழுந்துபோனால் பொருளே மாறிவிடும். ‘மருந்துக் கடை’யில் க் போனால் மருந்தைக் கடையச் சொல்லும் ஏவல். அச்சுக்கு முன் ஒற்றுகளுக்கென்றே தனியாக ஒருமுறை வாசியுங்கள்.

அடுத்தது அடைமொழி. ‘பழைய மாணவர் சங்கக் கட்டடம்’: பழையது மாணவரா, கட்டடமா? கட்டடம்தான் என்றால் அடைமொழியை அதன் பக்கத்தில் கொண்டுபோங்கள்: ‘மாணவர் சங்கத்தின் பழைய கட்டடம்’. ‘கண்ணன் குமாருக்கு அவன்ர சைக்கிளைக் குடுத்தான்’ என்றால் சைக்கிள் யாருடையது என்று தெரியாது. ‘தன்ர’ என்றால் கண்ணனுடையது. குமாருடையது என்றால் பெயரையே திரும்பச் சொல்லுங்கள்.

மனித மூளை இதை மிக விரைவாகச் செய்கிறது. 1979இல் உளவியலாளர் டேவிட் ஸ்வின்னி வெளியிட்ட ஆய்வில், இருபொருள் சொல் காதில் விழுந்ததும் இரண்டு பொருளும் ஒரு கணம் எழுவதும், சில அசைகள் கழிவதற்குள் பொருந்தாதது அடங்கிவிடுவதும் தெரிந்தது. எழுதியவர் தன் வாக்கியத்தின் இருபொருளைக் காணாமல் போவதும் இதனால்தான். ஆகவே விடயம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

கணினிப் பக்கம் வருவோம். 1986இல் கணினி அறிஞர் மைக்கேல் லெஸ்க் சொன்ன வழி எளியது: ஒவ்வொரு பொருளுக்குமான அகராதி விளக்கத்தில் உள்ள சொற்கள், பக்கத்துச் சொற்களின் அகராதி விளக்கங்களில் எத்தனை வருகின்றன என்று எண்ணிப் பார். தமிழில் இதைச் செய்யுமுன் உருபுகளைக் கழற்ற வேண்டும், கழற்றும்போதும் கவனம். ‘மாவை அரித்தார்’ என்பதில் மா+ஐ. ‘மாவைக் கந்தன்’ என்பதில் மாவை என்பது மாவிட்டபுரம் என்ற ஊர். பிறகு வந்த நிரல்கள் சொல்லின் பொருளை எண்வரிசையாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. 2013இல் வந்த வேர்ட்டுவெக் (word2vec) என்ற நிரல் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான் வைத்தது, எல்லாப் பொருளும் அதற்குள் கலந்து கிடந்தன. 2018இல் வந்த பெர்ட் (BERT) அதே சொல்லுக்கு வாக்கியத்துக்கு வாக்கியம் புதிய எண்வரிசை தருகிறது.

கணினியைப் பழக்க, வாக்கியங்களில் இருபொருள் சொல்லுக்கு எந்தப் பொருள் என்று குறித்த தரவை நீங்களே தயாரிப்பதானால், அந்தச் சொல்லின் இருபுறமும் மூன்று சொல் போதும் என்று வெட்டாதீர்கள். தமிழில் வினை கடைசியில் நிற்கும். வாக்கியம் முழுவதும் வேண்டும். இருவர் தனித்தனியே குறிக்கட்டும், ‘தெளிவில்லை’ என்ற தெரிவும் இருக்கட்டும். இருவரும் முரண்பட்டால் வாக்குப் போடாமல் முந்தைய வாக்கியத்தையும் சேர்த்துக் கொடுங்கள். 100 வாக்கியத்தில் 90இல் ‘பேசு’ என்பது உரையாடல் என்றால், எப்போதும் ‘உரையாடல்’ என்று சொல்லும் மொண்ணை நிரலும் 90 புள்ளி எடுக்கும். எனவே ஏச்சுக்கு எத்தனை சரி என்று தனியே எண்ணுங்கள்.

மொழிபெயர்ப்புக்கு, கேட்டதற்குப் பதில் எழுதும் உரையாடல் நிரலை (chatbot) பயன்படுத்தினால், ‘இது யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழ், தாய் மகனிடம் சொல்வது’ என்று முதலிலேயே எழுதுங்கள். சரிபார்க்க மறுபடி தமிழுக்குத் திருப்புவதை நம்பாதீர்கள். ‘பேசினா’ ஆங்கிலத்தில் உரையாடலாகப் போனாலும், திரும்பி வரும்போது ‘பேசினார்’ என்றே வரும். பிழை வெளியே தெரியாது. அதற்குப் பதில், ‘இந்த வாக்கியத்தில் அம்மா கோபமாக இருக்கிறாரா?’ என்று அந்த நிரலிடமே கேளுங்கள்.