குழம்பில் உப்பைக் குறைத்தும் பிரஷர் ஏன் இறங்கவில்லை?

அம்மாவுக்கு பிரஷர் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குழம்பில் பாதி உப்புதான். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் 152-க்கு 94. "இவ்வளவு வாயைக் கட்டியும் ஏன் இப்படி?" என்று அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் அம்மா சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தேன். சாம்பார் சப்பென்றிருந்ததால் இரண்டு அப்பளம். ரசத்துக்கு ஒரு வடு மாங்காய். மோர் சோற்றுக்கு மூன்று மோர் மிளகாய். குழம்பிலிருந்து நாங்கள் எடுத்த உப்பு அப்படியே தட்டின் ஓரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

நான் பார்த்தவரை நிறைய வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். நாக்கு கேட்கும் உப்பை ஓரிடத்தில் மறுத்தால் அது இன்னோரிடத்தில் தேடிக்கொள்ளும்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. காலை இட்லியில் இருந்து ராத்திரி பிஸ்கட் வரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு கிலோ மாங்காய் ஊறுகாய்க்கு நாம் 150 கிராம் உப்பாவது போடுகிறோம். அப்படியானால் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் ஒரு டேபிள்ஸ்பூன் ஊறுகாயிலேயே ஏறக்குறைய ஒன்றரை கிராம் போய்விடும். கருவாடு, வற்றல், வடகம் எல்லாம் இதே கதைதான். உப்பில் ஊறிக் காய்ந்துதான் அவை கெடாமல் நிற்கின்றன.

இதைவிட ஏமாற்றுவது, உப்புக் கரிக்காத சோடியம். ரத்த அழுத்தத்தை ஏற்றுவது உப்பிலுள்ள சோடியம். அது உப்பில் மட்டும் இல்லை. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். பஜ்ஜி, போண்டா, கேக், பிஸ்கட் என்று ஆப்பசோடா விழும் எல்லாவற்றிலும் இருக்கிறது. வயிறு உப்புசமாக இருக்கிறதென்று தண்ணீரில் கொட்டி நுரை பொங்கக் குடிக்கிறோமே, அந்தப் பொடியின் முக்கியச் சரக்கும் ஆப்பசோடாதான். நாக்குக்குத் தெரியாது, சிறுநீரகத்துக்குத் தெரியும். பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் 2 கிராம் உப்பு. ஒரு நாள் கணக்கில் ஐந்தில் இரண்டு பங்கு.

வீட்டில் எவ்வளவு செலவாகிறது என்று தெரியவே தெரியாது என்பவர்களுக்கு ஒரு வழி. உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று பேனாவால் அதன் மேல் தேதி எழுதுங்கள். நாங்கள் நாலு பேர். ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். முதல் தடவை எழுதி வைத்தபோது 29-வது நாளே டப்பாவின் அடி தெரிந்தது. ஆளுக்கு எட்டரை கிராமுக்கு மேல். கடையில் வாங்கிய ஊறுகாயும் வெளியே சாப்பிட்ட டிபனும் அதில் சேரவே இல்லை.

இந்தச் சமயத்தில் யாராவது ஒருவர் "இந்துப்புக்கு மாறிவிடுங்கள், அது ஒன்றும் செய்யாது" என்பார். எங்களுக்கும் சொன்னார்கள், வாங்கவும் செய்தோம். இந்துப்பு, கல்லுப்பு, தூளுப்பு எதுவானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். நிறத்துக்குக் காரணமான தாதுக்கள் மிகச் சொற்பம். அயோடின் சேர்த்த உப்பை விட்டுவிட்டு இதற்குப் போனால் அந்த அயோடினும் போய்விடும்.

சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பது வேறு சங்கதி. அதில் ஒரு பங்கு சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கும். சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஆபத்து. பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கி வைக்கக்கூடியவை. அதனால் டாக்டரிடம் கேட்காமல் இந்த உப்பைத் தொடாதீர்கள். இளநீரிலும் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தினமும் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்.

வேறு சிலர் ஒரேயடியாக உப்பே வேண்டாம் என்று இறங்கிவிடுகிறார்கள். நீர் மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு இதனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைசுற்றல், குழப்பமான பேச்சு வரை போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். வேகும்போது போடும் உப்பைக் குறைத்து, கடைசியில் கொஞ்சம் தூவினால் குறைந்த அளவே நாக்கில் நன்றாகத் தெரிகிறது. எலுமிச்சை, மிளகு, சீரகம், வறுத்துப் பொடித்த கறிவேப்பிலை எல்லாம் கை கொடுக்கும். பிரஷர்காரருக்குத் தனிச் சமையல் செய்யாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு என்றால்தான் அது நிலைக்கும்.

உப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டு, தட்டில் எதைச் சேர்ப்பது என்று யோசிக்காமல் விடுவதும் பெரிய தவறுதான். அமெரிக்காவில் 1997-ல் வெளியான 'டேஷ்' உணவுமுறை ஆய்வில் உப்பின் அளவை மாற்றவே இல்லை. காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால், தயிர் ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பைக் குறைத்தார்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி இறங்கியது, அதுவும் எட்டு வாரத்துக்குள். நம் வீட்டுக் கணக்கில் இது சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரைக் கடைசலையும் பொரியலையும் தாராளமாக வைப்பது, சாயங்காலம் மிக்சருக்குப் பதில் ஒரு கொய்யா சாப்பிடுவது. கொய்யாவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொள்ளாமல், மோரில் உப்புப் போடாமல்! இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறோம்.

கடைசியாக, எனக்கு மிகவும் பயம் தருகிற தவறு. பூண்டுப் பால், முருங்கைக்கீரை சூப், பீட்ரூட் சாறு என்று எதையாவது ஆரம்பித்து, எண் கொஞ்சம் இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, "எனக்குத் தலைசுற்றலே இல்லையே" என்கிறார்கள். பிரஷர் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் எகிறவும் செய்யும். இயற்கை என்பதாலேயே எல்லாம் பிரஷருக்கு ஒத்துப்போகும் என்றும் இல்லை. தொண்டைக்கு இதமென்று தினமும் அதிமதுரக் கஷாயம் குடித்தால், அதுவே சோடியத்தை உடலில் தேக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும்.

அளந்து பார்ப்பதிலும் கவனம் வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது போகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது பாக்கெட் 46 நாள் வருகிறது. அம்மா மாத்திரையை விடவில்லை. போன மாதம் 134-க்கு 82. அப்பளம் விசேஷ நாளில் மட்டும்தான். வடு மாங்காயை முழுதாக விட அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்று எடுத்து, தண்ணீரில் அலசி, பாதியை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை ரசம் சோறு முடிகிற வரைக்கும் கடித்துக்கொண்டிருப்பார்.