அணிந்துரை கடைசியில்தான் வரும்: முன்பக்க எண்களில் நாம் செய்யும் தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் மண்ணடியிலும் பாரிமுனையிலும் நிம்மதியாக நடக்க முடியாது. ஆண்டர்சன் தெருவிலிருந்து காகிதக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு மீன்பாடி வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். ஜனவரி புத்தகக் காட்சிக்குள் எல்லாருக்கும் புத்தகம் கையில் இருக்க வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டையில், மாடிப்படிக்குக் கீழே இரண்டு கணினி போட்டு புத்தகப் பக்கங்களை அமைத்துக் கொடுக்க நான் நடத்தும் டிடிபி கடையில் அந்த ஒரு மாதம் தூக்கம் என்பது நாற்காலியில்தான். அப்போது ஒரு போன் வரும். "தம்பி, ஐயா அணிந்துரை அனுப்பிட்டார். ரெண்டு பக்கம்தான். முன்னாடி சேர்த்துடுங்க."

நூலின் உடலுக்கு முன்னால் வரும் தலைப்பு, உரை, பொருளடக்கப் பக்கங்களைத்தான் முன்பக்கங்கள் என்கிறோம். அவற்றின் எண்களில் நடக்கும் கோளாறுகளில் பாதி அந்த "ரெண்டு பக்கம்தான்" என்ற சொல்லில் தொடங்குகிறது.

முன்பக்கங்களுக்குத் தனி எண்வரிசை எதற்கு என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்பார்கள். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து அழகுக்காகச் செய்வது என்றுதான் அவர்கள் நினைப்பு. காரணம் அதுவல்ல. அச்சுக்கோத்த காலத்திலிருந்தே நூலின் உடல்தான் முதலில் தயாராகும். முன்னுரை, பதிப்புரை, பொருளடக்கம் எல்லாம் கடைசியில் வரும். உடலுக்கு 1, 2, 3 என்று போட்டுவிட்டு, முன்பக்கங்களுக்குச் சின்ன ரோமன் எண் (i, ii, iii) போட்டால், முன்னால் எத்தனை பக்கம் கூடினாலும் குறைந்தாலும் உடல் அசையாது. பொருளடக்கமும் சொல்லடைவும் பிழைத்துக்கொள்ளும். தமிழ்ப் புத்தகத்தில் வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை என்று வரிசை கட்டி நிற்பதால் இந்த ஏற்பாடு நமக்குத்தான் அதிகம் தேவை.

ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் இது வேண்டியதில்லை. 80 பக்கக் கவிதைத் தொகுப்பில் முன்பக்கம் மொத்தமே ஆறு என்றால், தலைப்புப் பக்கத்தையே 1 என்று கணக்கில் வைத்து, கவிதையை 7-இல் தொடங்கிவிடலாம். நம் பதிப்பாளர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் குறையொன்றும் இல்லை. முன்பக்கம் எட்டைத் தாண்டும்போதும், யாரோ ஒருவர் உரை தருவதாகச் சொல்லி இன்னும் தராமல் இருக்கும்போதும்தான் நான் ரோமனுக்குப் போவேன்.

சரி, தவறுகளுக்கு வருவோம். நான் மிக அதிகமாகப் பார்ப்பது, எண்ணைக் காட்டாமல் விடுவதையும் எண்ணாமல் விடுவதையும் ஒன்றாக நினைப்பது. அரைத் தலைப்பு (நூலின் பெயர் மட்டும் இருக்கும் முதல் பக்கம்), தலைப்பு, பதிப்புரிமைப் பக்கம், காணிக்கை, வெற்றுப் பக்கம் இவற்றில் எண் தெரியக் கூடாது. ஆனால் கணக்கில் அவை உண்டு. அரைத் தலைப்பு ரோமன் 1, அதன் பின்புறம் 2, தலைப்பு 3, பதிப்புரிமை 4, காணிக்கை 5. பொருளடக்கம் 7-இல் வந்தால், வாசகர் கண்ணில் படும் முதல் எண்ணே ஏழுதான். "முதல் பக்கத்திலேயே ஏழு போட்டிருக்கிறதே, தப்பாச்சே" என்று பொருளடக்கத்தை 1 ஆக்கிவிடுவார்கள். முன்னால் வெற்றுப் பக்கத்தோடு ஆறு பக்கம் இருப்பதால் அதுவும் வலப்பக்கத்தில்தான் உட்காரும். திரையில் தவறே தெரியாது. அதன்பிறகு அச்சகத்துக்காரர் எண்ணும் கணக்கு ஒன்று, புத்தகத்தில் இருக்கும் கணக்கு ஒன்று.

எண்ணை மறைக்கும் விதத்திலும் ஒரு கூத்து உண்டு. எண்ணின் மேல் வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்து மூடிவிடுவது. நானும் ஆரம்பத்தில் செய்தவன்தான். உரை ஒரு பக்கம் தள்ளினால் பெட்டி பழைய பக்கத்திலேயே நிற்கும். வெற்றுப் பக்கத்தில் எண் பல்லிளிக்கும், எழுத்துள்ள பக்கத்தில் எண் காணாமல் போயிருக்கும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் எண் இல்லாத மாஸ்டர் பக்கம் (மற்றப் பக்கங்களுக்கு அச்சாக இருப்பது; புதிய பதிப்புகளில் 'பேரன்ட்' பக்கம்) ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கங்களுக்கு அதைப் போடுவதுதான் முறை. ஒவ்வொரு பக்கத்திலும் கையாலேயே எண் தட்டுபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு அந்த "ரெண்டு பக்கம்" வரும் நாளே சொல்லிக்கொடுத்துவிடும்.

இன்டிசைனில் விழுந்த அடி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் திரையில் அது தெரியவே தெரியாது.

தண்டையார்பேட்டையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் நினைவுக் குறிப்புகள். முன்பக்கம் 12, உடல் 212, ஆக மொத்தம் 224. ஒரே தாளில் ஓட்டி மடிக்கும் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்றால் சரியாக 14 பாரம். அழகான கணக்கு. கடைசி நேரத்தில் ஒரு பக்க வாழ்த்துரை வந்தது. பொருளடக்கத்துக்குப் பின் ஒரு பக்கம் சேர்த்தேன். முன்பக்கம் 13 ஆனது. உடலின் முதல் பக்கத்தில் 'நம்பரிங் அண்ட் செக்‌ஷன் ஆப்ஷன்ஸ்' வழியாக 1 என்று, தனி எண்வரிசை தொடங்கும் பகுதியாக, ஏற்கெனவே செக்‌ஷன் பிரித்திருந்தேன். இன்டிசைனுக்கு ஒற்றைப்படை எண் என்றால் வலப்பக்கம். ஆகவே ரோமன் 13-ஐ வலப்பக்கத்தில் தனியாக வைத்தது. அடுத்து வந்த 1-ஐயும் வலப்பக்கத்திலேயே தனியாக வைத்தது. நடுவில் இருக்க வேண்டிய இடப்பக்கம் இல்லை. அது இல்லை என்று எந்த எச்சரிக்கையும் வரவில்லை. பேஜஸ் பேனலில் இரண்டு பக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒழுங்காகத்தான் நின்றன.

பிடிஎஃப் எடுத்தேன், 225 பக்கம். அதில் உடலின் 1-ஆம் பக்கம் 14-ஆவது. தாளில் 14 என்றால் பின்புறம். அதாவது உடலின் ஒற்றைப்படைப் பக்கங்கள் எல்லாம் இடப்பக்கமாகிவிட்டன. வெளி ஓரத்தில் இருக்க வேண்டிய எண்கள் அத்தனையும் தையலுக்குள் போயின. அச்சகத்தில் முதல் பாரத்தை ஓட்டி, ஒரு தாளை மடித்துப் பார்த்த பைண்டர்தான் கண்டுபிடித்தார். "என்னண்ணே, நம்பரெல்லாம் முதுகுக்குள்ள போவுது?" பிளேட் காசும் காகிதக் காசும் என் கணக்கில். அந்தப் பாரத்தோடு நின்றதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

தீர்வு என்னவோ மிக எளிதாக இருந்தது. காணிக்கைக்குப் பின்னால் 6-ஆம் பக்கம் வெற்றாகக் கிடந்தது. வாழ்த்துரையை அங்கே போட்டேன். மறுபடியும் 12, மறுபடியும் 224. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: பிடிஎஃப் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது எழுத்துப்பிழையை அல்ல, உடலின் முதல் பக்கம் பிடிஎஃபில் எத்தனையாவது என்பதைத்தான். அது ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். மொத்தம் பதினாறால் வகுபட வேண்டும், குறைந்தது எட்டாலாவது.

வேர்டில் இதே நிலைமை தலைகீழாக வரும். ஒற்றைப்படைப் பக்கத்துக்குப் பின் இன்னொரு ஒற்றைப்படைப் பக்கம் வந்தால் வேர்டே அச்சில் ஒரு வெற்றுப் பக்கத்தைச் சொருகிவிடும், ஆனால் திரையில் காட்டாது. திரையில் 225, பிடிஎஃபில் 226. எங்கிருந்து வந்தது இந்தப் பக்கம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் உண்டு. வேர்டில் இன்னொன்று: வெறும் பேஜ் பிரேக் போட்டுவிட்டு ரோமனையும் சாதாரண எண்ணையும் பிரிக்கப் பார்ப்பது. நடக்காது, செக்‌ஷன் பிரேக் வேண்டும். அதைப் போட்டபின்னும் பக்க எண் இருக்கும் அடிப்பகுதிக்குள் (ஃபுட்டர்) போய் 'லிங்க் டு பிரீவியஸ்' என்பதை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால், முன்பக்கத்தில் அடியில் இருக்கும் எண்ணை அழித்தால் புத்தகம் முழுவதும் எண் அழியும்.

அப்புறம், நம் டிடிபி கடைகளில் பார்க்கக்கூடிய ஒரு தவறு. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகி வரும் பிரதிகள் குறையவில்லை. பக்க எண்ணுக்கும் அதே எழுத்துருவைக் கொடுத்துவிடுவோம். உடலில் 1, 2, 3 என்று ஒழுங்காகத் தெரியும், சந்தேகமே வராது. முன்பக்கத்தில் ரோமன் போட்டதும்தான் வேடிக்கை. ரோமன் எண் என்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ஆங்கிலச் சின்ன 'ஐ' (i) இருக்கும் இடத்தில் சங்கிலிக் கொம்பு இருக்கிறது, 'கை' என்று எழுதும்போது 'க'வுக்கு முன்னால் வருமே, அது. 'வி' (v) இருக்கும் இடத்தில் 'எ'. 'எக்ஸ்' (x) இருக்கும் இடத்தில் 'ஒ'. ஆக மூன்றாம் பக்கத்தின் அடியில் மூன்று கொம்பு, ஐந்தாம் பக்கத்தில் 'எ', பத்தாம் பக்கத்தில் 'ஒ'. ஒரு நூலாசிரியர் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு, "உயிரெழுத்தை வைத்து எண் போட்டிருக்கிறீர்களா, நன்றாக இருக்கிறதே" என்று பாராட்டினார். வாயை மூடிக்கொண்டு திருத்தினேன்.

பக்க எண்ணுக்கென்று ஒரு தனி ஸ்டைல் வைத்து, அதில் ஆங்கில எழுத்துரு கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளை இன்னும் விடாதவர்களுக்கும் இது பொருந்தும். (2001-இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பதிப்பு. வடசென்னையில் அது இன்றும் ஓடுகிறது.) அதன் மாஸ்டர் பக்கத்தில் எண் வரும் இடத்தில் 'எல்எம்', 'ஆர்எம்' என்று காட்டும். பாமினியில் அவை 'டுஆ', 'சுஆ' என்று தெரியும். புதுப் பையன்கள் அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடுவார்கள், புத்தகம் முழுக்க எண் போய்விடும். பேஜ்மேக்கரில் ஒரு கோப்புக்கு ஒரே எண்வகைதான். ரோமனும் சாதாரண எண்ணும் ஒரே கோப்பில் வேண்டும் என்று மல்லுக்கட்டாமல், முன்பக்கங்களைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமனே வேண்டாம், ௧, ௨, ௩ என்று தமிழ் எண் போடலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். எனக்கும் பிடிக்கும். ஆனால் பத்தைத் தாண்டும்போது பழைய முறையா புதிய முறையா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய முறையில் 10 என்பது ௰, 11 என்பது ௰௧. புதிய முறையில் ௧௦, ௧௧. ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேடெக்கில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கணக்கு, அறிவியல் பேராசிரியர்கள். அதில் 'புக்' வகையில் 'ஃபிரண்ட்மேட்டர்', 'மெயின்மேட்டர்' என்று இரண்டு கட்டளைகளே இருக்கின்றன. ரோமனையும் சாதாரண எண்ணையும் அவையே பார்த்துக்கொள்ளும், உடலை வலப்பக்கத்திலும் தொடங்கும். அதை விட்டுவிட்டு 'பேஜ்நம்பரிங்' கட்டளையை நடுவில் போடுவார்கள். அந்தக் கட்டளை எண்ணை 1-க்குத் திருப்பிவிடும். பக்கத்தை முடிக்காமலே அதைப் போட்டால் முடியாத அந்தப் பக்கத்துக்கே புது எண் விழும். இன்னொன்று, முழுவதற்கும் 'எம்ப்டி' பாணி கொடுத்தபின்னும் பொருளடக்கத்தின் முதல் பக்கத்தில் எண் தெரிகிறதே என்பார்கள். அத்தியாயம் தொடங்கும் பக்கம் தானாகவே 'ப்ளைன்' பாணிக்கு மாறிக்கொள்ளும், பொருளடக்கமும் அப்படித்தான். அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

கோப்பு சரியாக இருந்தும் பேச்சில் கெடும் வேலை ஒன்று உண்டு. ஒருமுறை அணிந்துரையில் ஒரு பெயர் தவறிவிட்டது. திருத்திய பக்கத்தை மட்டும் தனி பிடிஎஃபாக எடுத்து, 'பக்கம் 5' என்று பெயர் வைத்து அச்சகத்துக்கு அனுப்பினேன். நான் சொன்னது ரோமன் 5. அவர்கள் மாற்றியது உடலின் 5. கதையின் ஐந்தாம் பக்கத்தில் அணிந்துரை வந்து உட்கார்ந்துவிட்டது. தப்பு அவர்கள் மேல் இல்லை. ஒரே புத்தகத்தில் இரண்டு ஐந்து இருக்கும்போது வெறும் ஐந்து என்று எழுதியவன் நான். இப்போதெல்லாம் 'பிடிஎஃப் வரிசையில் 5, அணிந்துரை முதல் பக்கம்' என்று எழுதி, அந்தப் பக்கத்தின் முதல் வரியையும் சேர்த்து அனுப்புகிறேன். இன்டிசைனிலும் இதே குழப்பம் உண்டு. பிரிண்ட் கொடுக்கும்போது பக்க வரம்பில் +1-+12 என்று கூட்டல் குறி போட்டுக் கொடுத்தால், செக்‌ஷன் எண்ணைப் பார்க்காமல் முதலிலிருந்து பன்னிரண்டு பக்கத்தை எடுக்கும்.

பொருளடக்கத்தைத் தானாக உருவாக்கிவிட்டு அதை மறந்துவிடுவதையும் சொல்ல வேண்டும். இன்டிசைனில் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, நாம்தான் 'அப்டேட்' கொடுக்க வேண்டும். கொடுத்தபின், இரண்டு பக்கமாக இருந்த பொருளடக்கம் மூன்றாகி முன்பக்கக் கணக்கையே மாற்றிவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொள்ள எனக்கு முடிவதில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு தாளை மூன்று மடிப்பு மடித்து, ஓரத்தைக் கிழித்துப் பதினாறு பக்கச் சின்னப் புத்தகம் செய்துகொள்கிறேன். அரைத் தலைப்பு, வெற்று, தலைப்பு என்று ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் எழுதுவேன். தெரிய வேண்டிய எண்ணுக்கு வட்டம், தெரியக் கூடாததற்கு அடைப்புக்குறி. வெற்றுப் பக்கங்களில் மட்டும் மெலிதாக 'இடம் உண்டு' என்று எழுதி, போன் பக்கத்தில் வைத்துவிடுவேன். "ரெண்டு பக்கம்தான்" என்று குரல் வந்ததும் கையில் எடுப்பது அதைத்தான்.