எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பிளேக் என்று முடிவுகட்ட வேண்டாம்

இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளில் பிணமோ எலும்புக்கூடோ தென்பட்டால், உடனே பிளேக்கின் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். அந்தக் கொள்ளைநோய் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது 1347-இல். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் டி லைல் சங்கீதப் புத்தகத்தில் (இசை நூல் அல்ல, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய பிரதி) மூன்று அரசர்கள் மூன்று பிணங்களை எதிர்கொள்ளும் ஓவியமோ சுமார் 1310-ஐச் சேர்ந்தது. ‘நானும் அழகாகத்தான் இருந்தேன், நீயும் இப்படி ஆவாய்’ என்று பிணங்கள் எச்சரிக்க, நோய் எதுவும் தேவைப்படவில்லை.

இதைவிட மோசமான தவறு ஒன்று இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. முகமெல்லாம் புள்ளிகளோடு சில பாதிரியார்கள் நிற்க, ஆயர் (பிஷப்) ஒருவர் ஆசி வழங்கும் படம். ‘பிளேக் நோயாளிகள்’ என்று தலைப்புப் போடுகிறார்கள். அது 14-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லெ பால்மர் தொகுத்த கலைக்களஞ்சியத்தில் உள்ளது; அவர்கள் தொழுநோயாளிகள். பிளேக் படம்தான் வேண்டுமென்றால் டூர்னே நகரத்து ஜில் லி முயிசி எழுதிய வரலாற்றுப் பிரதியைப் பாருங்கள். மக்கள் சவப்பெட்டிகளைச் சுமந்து வந்து புதைக்கிறார்கள்.

அடுத்தது, சாகிறவரின் வாயிலிருந்து வெளிவரும் குட்டி நிர்வாண உருவம். குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஆன்மா.

படத்தை மட்டும் வெட்டியெடுத்துப் பார்ப்பதில்தான் இழப்பு அதிகம். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள ரோஆன் ஜெபப் புத்தகம் 1430-களை ஒட்டியது. அதில் எலும்புகள் சிதறிய தரையில், ஒரு துணிமேல் நிர்வாணப் பிணம் கிடக்கிறது. வெட்டிப் போட்டால் வெறும் பயங்கரம். முழுப் பக்கத்தையும் பாருங்கள்: இறந்தவர் லத்தீனில் தன் ஆவியை ஒப்படைக்கிறார். மேலே வாளேந்திய கடவுள், ‘உன் பாவங்களுக்குத் தவம் செய்வாய், தீர்ப்பு நாளில் என்னோடு இருப்பாய்’ என்று பிரெஞ்சில் பதில் சொல்கிறார். ஓரத்தில் மிக்கேல் தூதர் அந்த ஆன்மாவுக்காகச் சாத்தானோடு மல்லுக்கட்டுகிறார். இறந்தோருக்கான ஜெபம் வரும் இடத்தில் இருக்கும் ஓவியம் இது. பயமுறுத்துகிறது, சரி, கூடவே நம்பிக்கையும் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், நம்பிக்கைதான் ஒரு படி தூக்கல்.

அப்புறம், எலும்புக்கூடுகள் எல்லாத் தரப்பு மனிதர்களையும் ஆட்டத்துக்கு இழுத்துச் செல்லும் ‘சாவின் நடனம்’ பிரதிகளில்தான் பிறந்தது என்றும் எழுதிவிட வேண்டாம். நமக்குத் தெரிந்த பழைய நடன ஓவியம் 1424–25-இல் பாரிஸ் கல்லறைத் தோட்டச் சுவர் ஒன்றில் தீட்டப்பட்டது. பறவை அலகு முகமூடி போட்ட பிளேக் டாக்டரோ 17-ஆம் நூற்றாண்டு ஆசாமி. அவரை இடைக்காலப் பிரதிகளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.