ஆடிப்பெருக்கன்று முதல் பாகத்தைத் திறவுங்கள்

"பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் வாங்கி வச்சிருக்கேன், நூறு பக்கம் தாண்டல" என்று என்னிடம் சொல்பவர்களை ஏற்றினால் சேலம் டவுன் பஸ் ஒன்று நிறைந்துவிடும். எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன், ஒரே மூச்சில் இருநூறு பக்கம் ஓட்டிவிடலாம் என்று பார்த்தேன், யாருக்கு யார் என்ன முறை என்று குழம்பிவிட்டது, அப்புறம் எடுக்கவே இல்லை. அந்த ஒரே மூச்சுதான் வினை.

கல்கி எழுதிய அந்த நாவல் கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை, கிட்டத்தட்ட மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. படித்தவர்கள் ஒன்றிரண்டு அத்தியாயத்தை முடித்துவிட்டு ஏழு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அத்தியாயக் கடைசியிலும் ஒரு கதவு தட்டப்படுவதும், இருட்டில் ஒரு கை நீள்வதும், ஒரு அலறல் கேட்பதும் அதற்காகத்தான், அடுத்த வாரம் வரைக்கும் ஆளைக் கட்டிப்போட. அதை வரிசையாக முப்பது தடவை ஒரே மதியத்தில் அனுபவித்தால் முப்பது லட்டு தின்ற மாதிரி திகட்டாமல் என்ன செய்யும்?

அதனால் என் கணக்கு இது. ஐந்து பாகமும் சேர்த்து 293 அத்தியாயங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் கூடாது, ஆசையாக இருந்தாலும் கூடாது. ஆடி பதினெட்டு அன்று ஆரம்பித்தால் மார்கழி நடுவில் முடிந்துவிடும். ஏன் ஆடி பதினெட்டு என்றால், கதை தொடங்குவதே அன்றுதான். வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இன்றைய வீராணம், வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான், கரையெல்லாம் கூட்டம், புது வெள்ளம், சாப்பாடு, பாட்டு. நம் சேலம் ஜில்லாவிலும் அன்றைக்கு மேட்டூரில் காவிரியில் முங்கி எழுந்து கட்டுச்சோறு சாப்பிடுகிற கூட்டம் கொஞ்சநஞ்சமா? அங்கே போய்விட்டு வந்து, தலை காயாமலே முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். வர்ணனை நீளம் என்று தாண்டிப் போகிற அதே பக்கங்கள் அன்றைக்கு நாம் பார்த்துவிட்டு வந்த ஊர் மாதிரியே இருக்கும்.

எனக்கு இந்தப் பழக்கம் சேலம் குகைப் பகுதியில் இருந்த பெரியம்மா வீட்டில் வந்தது. முன்கட்டில் தறி, பின்கட்டில் பெரியம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். அவளிடம் பைண்டு பண்ணின தொடர்கதை ஒன்று இருந்தது, பத்திரிகையிலிருந்து வாராவாரம் கத்தரித்துச் சேர்த்தது, காக்கி நிறக் காலிகோ அட்டை, முதுகில் பேர் கிடையாது. அரைப் பரீட்சை லீவில் நான் சத்தமாகப் படிக்க வேண்டும். கதைப் பக்கத்தின் பின்னால் பாதி நகைச்சுவைத் துணுக்கு, சோப்பு விளம்பரத்தின் காலும் தலையும் இருக்கும், நான் அதையும் சேர்த்துப் படித்துத் திட்டு வாங்குவேன். நடுவில் நாலு பக்கம் கிடையாது, யாரோ எதற்கோ கிழித்திருக்கிறார்கள். அந்த நாலு பக்கத்தில் என்ன நடந்தது என்று பெரியம்மாவே ஒரு கதை சொல்லி ஒட்டவைப்பாள். பின்னாளில் முழுப் புத்தகம் வாங்கிப் பார்த்தேன், அவள் சொன்னது வேறு, அதில் இருந்தது வேறு. இன்றைக்கும் எனக்கு அவள் சொன்னதுதான் சரி. அத்தியாயம் முடிகிற நேரம் முன்கட்டில் தறிச் சத்தம் நின்றிருக்கும், பெரியப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆக, முடிந்தால் சத்தமாகப் படியுங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கல்கியின் நடை கேட்பதற்கென்றே செய்தது. வாசகர்களே என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். கண்ணால் ஓட்டும்போது இது பழசாகத் தெரியும், காதில் விழும்போது தெரியாது. ஒலிப்புத்தகமும் நல்லதுதான், சமையல் நேரத்துக்குத் தோது. ஆனால் இரண்டு அத்தியாயச் சட்டம் அதற்கும் உண்டு.

பேர்க் குழப்பத்துக்கு மருந்து ஒரு துண்டுச் சீட்டு. புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பக்க அடையாளமும் ஆச்சு. பழுவேட்டரையர் இரண்டு பேர், பெரியவர், சின்னவர். அருள்மொழிவர்மனும் பொன்னியின் செல்வனும் பின்னால் ராஜராஜனாகப் போகிறவரும் ஒரே ஆள். சோழ ராஜாக்கள் ஒருவர் ராஜகேசரி என்றால் அடுத்தவர் பரகேசரி என்று மாற்றி மாற்றிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள், இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாழிகை என்றால் 24 நிமிஷம், ஒரு நாளைக்கு 60. ஜாமம் என்றால் மூன்று மணி நேரம். "இரண்டாம் ஜாமத்தில் சுரங்க வழியாக" என்று வந்தால் ராத்திரி ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் என்று மனசில் கடிகாரம் ஓட வேண்டும், அப்போதுதான் பயம் வரும்.

முதல் முறையாகச் சரித்திர நாவல் பக்கம் வருகிறவர் என்றால் நேராக ஐந்து பாகத்தில் குதிக்க வேண்டாம். பார்த்திபன் கனவு சின்னது, அதை முடியுங்கள். அதில் வரும் சிவனடியார் யார் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், எல்லோரும் கண்டுபிடிக்கிறார்கள், ஆனாலும் சுவை குறையாது. அடுத்து சிவகாமியின் சபதம். காலப்படி பார்த்தால் சபதம்தான் முந்தின கதை, ஆனாலும் கல்கி எழுதிய வரிசையிலேயே போங்கள். இரண்டிலும் வருகிற பல்லவ ராஜா நரசிம்மவர்மனை வயதானவராகப் பார்த்துவிட்டு அப்புறம் இளைஞனாகப் பார்ப்பதில் ஒரு வலி இருக்கிறது, அது நேர் வரிசையில் கிடைக்காது. பொன்னியின் செல்வனுக்கு அப்புறம் சாண்டில்யனின் கடல் புறா, மூன்று பாகம். கலிங்கத்துப் பரணி கொண்டாடும் கருணாகரத் தொண்டைமான்தான் நாயகன், கடல், கப்பல், கடாரம் என்று போகும். அதில் நாயகியை வர்ணிக்க ஆரம்பித்தால் போர் கொஞ்சம் காத்திருக்க வேண்டியதுதான். சிலருக்கு அது எரிச்சல், எனக்கு அது போனஸ். ராஜராஜன் மேல் கிறுக்கு பிடித்துவிட்டால் பாலகுமாரனின் உடையார் இருக்கிறது, ஆறு பாகம், பெரிய கோயில் எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி. அதற்குத் தனியாக ஒரு வருஷம் ஒதுக்குங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். கல்கி நாட்டுடைமை ஆனவர், யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் புத்தகத் திருவிழாவில் ஸ்டாலுக்கு ஸ்டால் ஒரு விலை இருக்கும். நான் ஒரு தடவை விலை மலிவு என்று ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எழுத்து எறும்பு சைஸ், மூன்றாம் பாகத்தில் எட்டுப் பக்கம் தலைகீழாகத் தைத்திருந்தது. கடையிலேயே ஏதாவது ஒரு பாகத்தின் நடுவைப் பிரித்து, கண்ணாடி இல்லாமல் நாலு வரி படித்துப் பாருங்கள். அட்டையில் எங்கேயாவது "சுருக்கம்" என்று இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு வந்த பதிப்பு கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம், தப்பில்லை. காசே வேண்டாம் என்றால் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் முழுவதும் இலவசமாக இருக்கிறது, மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

படிக்கிற நடுவில் போனை எடுத்துத் தேடாதீர்கள். அருள்மொழிவர்மனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் பேரைத் தட்டினால் முதல் வரியிலேயே அவன் கொலையானான் என்று வந்து நிற்கும். ஆயிரம் வருஷம் ஆன செய்திதான், இருந்தாலும். உண்மை எது, கற்பனை எது என்கிற விசாரணையை ஐந்தாம் பாகம் முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள், அது தனி விருந்து. நந்தினியும் பூங்குழலியும் கல்கி கற்பனையில் பெற்ற பிள்ளைகள். வந்தியத்தேவர் நிஜம், ராஜராஜனின் அக்கா குந்தவையின் கணவர் என்று தஞ்சைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது, ஆனால் அதற்கு மேல் அவரைப் பற்றிக் கிடைப்பது சொற்பம், மீதி முழுக்கக் கற்பனை. கொலைக்கும் சாட்சி உண்டு. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது, கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பேர் சொல்லி, அவர்கள் சொத்தைப் பறித்ததைச் சொல்கிறது. அந்த ஊர் வீராணம் ஏரிப் பக்கம்தான், கதை தொடங்குகிற அதே இடம். இதை முதல் முறை தெரிந்துகொண்டபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, காதல் நாவலுக்கு வருவோம். இதற்குச் சட்டம் தலைகீழ். ஒரே மூச்சில்தான் படிக்க வேண்டும், பாதியில் வைத்தால், தட்டைக்கு நடுவே காய்த்துருவல் வைத்த நம் ஊர்த் தட்டுவடை செட்டை நேரம் கழித்து எடுத்த மாதிரி நமுத்துப்போகும். பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்குகிற மாத நாவல் ஒரு மதியத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரிந்துதானே படிக்கிறீர்கள் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. ஆமாம், தெரியும். கல்யாணம் முடிவில் உண்டு என்று தெரிந்ததால்தான் நிம்மதியாகச் சண்டையை ரசிக்க முடிகிறது. ரமணிசந்திரன் பேரைப் பார்த்தாலே வாங்குகிற மூன்று தலைமுறைப் பெண்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் அட்டைக்கு நாளிதழ் சுற்றி ஒளித்துப் படித்தவர்கள். அந்த வெட்கம் இனி வேண்டாம். ஆனால் நாயகன் நாயகி மேல் கை ஓங்குகிறான், அவள் மறுநாள் காபி போட்டுக் கொடுக்கிறாள் என்றால் நான் அந்த இடத்திலேயே மூடிவிடுவேன், பழைய நாவல்களில் இது நிறைய. கீழே வைக்கத் தெரிவதும் வாசிப்பில் சேர்த்திதான். இப்போது பிரதிலிபி மாதிரி செயலிகளில் காதல் கதைகளும் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன, அங்கே மட்டும் முடிந்த கதையாகப் பார்த்து எடுங்கள். பாதியில் எழுதுகிறவர் காணாமல் போனால் கேட்க நாதியில்லை.

இரண்டையும் கலந்துகொள்வது இன்னும் நல்லது. சரித்திர நாவலில் ஒரு பாகம் முடிந்ததும் ஒரு காதல் நாவல், விருந்துக்கு அப்புறம் மிளகு ரசம் மாதிரி. நாயகன் எஸ்டேட் முதலாளியாக வருகிற கதைகளை நம் ஊர்க்காரர்கள் சிரிக்காமல் படிக்க முடியாது என்பது வேறு விஷயம். கதையில் அவர் வெள்ளைக் குதிரையில் வருவார், நான் ஏற்காட்டில் பார்த்த எஸ்டேட்காரர்கள் சாயம் போன ஸ்வெட்டரில் மிளகு விலையைச் சபித்துக்கொண்டிருப்பார்கள். அந்த மலைக்குக் காபி கொண்டுவந்தது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், 1820களில். அதற்குள்ளேயே ஒரு சரித்திர நாவல் இருக்கிறது, யாராவது எழுதுங்களேன்.

ஏற்காட்டுக்குப் புத்தகத்தோடு போகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை, பஸ்ஸில் திறக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு. நான் ஏழாவது வளைவில் புத்தகத்தை மூடினேன், ஒன்பதாவதில் ஜன்னலைத் திறந்தேன், அதற்கு மேல் சொல்ல வேண்டாம். மேலே போய் ஏரிப் பக்கம் அறை எடுத்து, பனி, போர்வை, பிளாஸ்கில் காபி என்று எல்லாம் அமைந்த பிறகு பையைத் திறந்தால் மூன்றாம் பாகத்துக்குப் பதில் நான்காம் பாகம். இரண்டு நாளும் கடைத்தெருவில் வாங்கிய மாத நாவல்தான் காப்பாற்றியது. மலையைவிட சேலம் பக்கத்துத் தாரமங்கலம் எனக்குப் பொருந்துகிறது. இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலில், ராமன் நிற்கிற தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலி இருக்கிற தூணிலிருந்து ராமன் தெரியமாட்டான் என்று காட்டுவார்கள். சரித்திர நாவலில் தூணுக்குப் பின்னால் ஒளிந்து கேட்கிற ஒற்றர்களை அதற்கப்புறம் நான் சந்தேகப்படுவதே இல்லை. சங்ககிரிக் கோட்டைக்கும் ஏறுங்கள், தீரன் சின்னமலையை 1805இல் தூக்கிலிட்ட இடம். ஏறுகிற வழியில் படிக்க முடியாது, மூச்சு வாங்கும், இறங்கி வந்து படியுங்கள்.

கடைசியாக, இரவல். கேட்டால் கொடுங்கள், ஆனால் முதல் பாகத்தை மட்டும், அது திரும்பி வந்ததும் இரண்டாவது. முழு செட்டைக் கொடுத்தால் அவர்களும் நூறு பக்கத்தில் நின்று ஐந்தையும் அலமாரியில் பூட்டிவிடுவார்கள். நான் ஒழுங்காக ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தேன், முதல் பாகம் பத்தே நாளில் வந்தது, மகிழ்ந்துபோய் அடுத்ததைக் கொடுத்தேன். அது அம்மாபேட்டைக்குப் போய் இந்த ஆடியோடு நாலு வருஷம்.