மாட்டுக்கு வந்த வைரஸ் எந்தக் குடும்பம்? மருந்து தெளிக்கும் முன் கண்டுபிடிக்கும் வழி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயங்களில் மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பகலில் செம்பனைக்கு நடுவே மேயவிட்டு, சாயங்காலம் கொட்டகைக்கு ஓட்டி வருவார்கள். ஒரு மாடு படுத்துவிட்டால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். எங்கள் அப்பாவின் மாடுகளுக்குக் கோமாரி வந்தபோது கொட்டகை முழுவதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினோம், கை தோல் உரிகிற அளவுக்கு, ஆனாலும் சில நாளில் மிச்ச மாடுகளுக்கும் எச்சில் நூலாக வடிய ஆரம்பித்துவிட்டது. அந்த வைரஸ் சோப்புக்குச் சாகிற ஜாதி இல்லை என்று அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாட்டின் உடம்பைப் பாருங்கள். நாக்கிலும் ஈறிலும் குளம்புப் பிளவிலும் மடிக்காம்பிலும் கொப்புளம், எச்சில் ஒழுகல், நொண்டல் என்றால் கோமாரியைச் சந்தேகப்படுங்கள். கழுத்து, முதுகு, கால் என்று தோல் முழுக்க 2 முதல் 5 சென்டிமீட்டர் அளவில் கெட்டியான கழலைகள், கடும் காய்ச்சல் என்றால் தோல் கழலை நோய். ஒன்று கொப்புளம், உடைந்தால் நீர் வரும். இன்னொன்று கட்டி, அழுத்தினால் கெட்டியாக இருக்கும்.

அப்புறம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருக்கிறதா இல்லையா?

கோமாரி வைரஸுக்கு இல்லை. அது பிக்கோர்னாவிரிடே குடும்பம். 'பிக்கோ' என்றால் மிகச் சிறியது, அதோடு 'ஆர்என்ஏ' என்ற மரபுப் பொருளின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். அதற்குள் ஆப்தோவைரஸ் என்ற பேரினம். 1898-இல் ஜெர்மனியில் லோஃப்லர், ஃப்ரோஷ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் கொப்புள நீரை வடித்து, வடிந்த நீரும் மாட்டுக்கு நோய் தருகிறது என்று காட்டினார்கள். விலங்குகளில் கண்டறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான். வெறும் புரதக் கூடு, உள்ளே ஓர் ஆர்என்ஏ இழை, அவ்வளவுதான். சோப்பு கரைப்பது கொழுப்பை, இங்கே கரைக்கக் கொழுப்பே கிடையாது. ஆனால் இந்தக் கூட்டுக்குப் புளிப்பு ஆகாது. அமிலத்தன்மை கூடி பிஎச் 6-க்குக் கீழே போனால் கூடு 12 துண்டுகளாகப் பிரிந்துவிடும்.

ஆகவே சாணத்தை முதலில் வழித்து எடுங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள், சாணம் ஒட்டிய தரையில் பிளீச்சும் சரியாக வேலை செய்யாது. பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து தரை, தொட்டி, பூட்ஸ், லோரி டயர் எல்லாவற்றிலும் தெளியுங்கள். சிட்ரிக் அமிலம் கிடைக்காவிட்டால் வினிகர். போத்தலில் 4 அல்லது 5 சதவீதம் என்று போட்டிருந்தால் வினிகர் எவ்வளவோ அதே அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

'ஊசி போட்டும் கோமாரி வந்துவிட்டது' என்று பலர் மனம் நொந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கோமாரி வைரஸில் 7 வகை உண்டு: ஓ, ஏ, சி, ஆசியா 1, அப்புறம் சாட் 1, 2, 3. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. தீபகற்பத்தில் நாம் பார்ப்பது ஓ, ஏ இரண்டும்தான்.

பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய்ப்புண் நோயும் மாட்டிலிருந்து வந்ததா என்று அம்மாமார்கள் பயப்படுவார்கள். இல்லை. குடும்பம் ஒன்றுதான், ஆனால் அது என்டிரோவைரஸ் என்ற வேறு பேரினம், மாட்டிடமிருந்து வருவதில்லை.

சரி, தோல் கழலைக்கு வருவோம். 2021-இல் தீபகற்ப மலேசியாவுக்குள் வந்த நோய் இது. குடும்பம் பாக்ஸ்விரிடே, பேரினம் கேப்ரிபாக்ஸ்வைரஸ். அம்மை வைரஸ்களின் கூட்டம், பெரிய உருவம், உள்ளே இரட்டை இழை டிஎன்ஏ. இந்தப் பேரினத்தில் மூன்றே பேர்: மாட்டுத் தோல் கழலை, செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை. மூன்றின் மரபுப் பொருளும் ஏறக்குறைய 97 சதவீதம் ஒன்றுபோல இருப்பதால்தான் சில நாடுகளில் ஆட்டம்மை ஊசியை மாட்டுக்குப் போடுகிறார்கள். இதற்குக் கொழுப்பு உறை உண்டு, அதனால் சோப்பு பலிக்கும். ஆனால் காய்ந்த பொருக்கில் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும், உதிர்ந்த பொருக்கைக் கூட்டி எரித்துவிடுங்கள். இதை முக்கியமாகப் பரப்புவது கடிக்கிற ஈயும் கொசுவும். கொட்டகையை எவ்வளவு கழுவினாலும், பக்கத்தில் சாணம் கலந்த வைக்கோல் ஈரத்தில் அழுகிக் கிடந்தால் ஈ அங்கேதான் முட்டையிடும். அதை அகற்றுங்கள், நோய் கண்ட மாட்டை வலைக்குள் கட்டுங்கள்.

குடும்பம் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு அனுபவித்திருக்கிறது. 1998-இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணை ஆட்கள் மூளைக் காய்ச்சலில் விழுந்தபோது, அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டினார்கள். 1999 மார்ச்சில்தான் அது பாராமிக்சோவிரிடே குடும்பத்தைச் சேர்ந்த புது வைரஸ் என்று தெரிந்தது, பரப்பியது கொசு இல்லை, நோய் கண்ட பன்றியோடு இருந்த நேரடித் தொடர்பு. அதுதான் நிப்பா. அந்த நோய்ப் பரவலில் மொத்தம் 105 உயிர் போய்விட்டது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

நம் கண் சொல்வது சந்தேகம் மட்டும்தான், உறுதி செய்ய ஆய்வுக்கூடம் வேண்டும். அறிகுறி கண்ட அன்றே கால்நடைத் துறையைக் கூப்பிடுங்கள், ஈப்போவிலேயே கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. அதுவரை ஒரு மாட்டையும் லோரியில் ஏற்றாதீர்கள், விற்கவும் வேண்டாம். கோமாரி என்று சந்தேகம் இருந்தால், அவர்கள் வந்து கொப்புளத் தோலையும் நீரையும் எடுக்கும்வரை மாட்டின் வாயில் வினிகரோ எலுமிச்சையோ தடவாதீர்கள். வைரஸைக் கொல்லும் அதே புளிப்பு மாதிரியையும் கெடுத்துவிடும். முடிவு வந்ததும் 'கோமாரி' என்பதோடு நிற்காமல் எந்த வகை, ஓவா ஏயா என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே பக்கத்து லயத்து மாட்டுக்காரர்களிடமும் சொல்லிவிடுங்கள்.