மாசம் இவ்ளோன்னு ஒரே வரில எழுதி கையெழுத்து போட்டுடாதீங்க

டைவர்ஸ் டைம்ல ரெண்டு பேருக்கும் ஒரே நெனப்புதான், எப்படியாவது முடிஞ்சா போதும். நாங்க மியூச்சுவல் கன்சென்ட்ல (ரெண்டு பேரும் சம்மதிச்சு) போனோம், எம்ஓயூல, அதாவது ரெண்டு பேரும் எழுதிக்கிட்ட ஒப்பந்தத்துல, "குழந்தைக்கு மாசம் 10,000 ரூபா"ன்னு ஒரு வரி, அவ்ளோதான். பையனுக்கு அப்போ மூணு வயசு, டேகேர் 6,500 போக மீதி பால், டாக்டர்னு சரியா இருக்கும்னு நெனச்சேன். அடுத்த ஜூன்ல எல்கேஜி அட்மிஷன், டர்ம் ஃபீஸ், யூனிஃபார்ம், வேன்னு ஒரே வாரத்துல 58,000. அவர்ட்ட கேட்டா "அதான் மாசாமாசம் போடுறேனே"ங்கிறாரு. அவரச் சொல்லியும் குத்தமில்ல, பேப்பர்ல அப்டித்தானே இருக்கு.

அதனால மாசச் செலவு தனி, வருஷத்துக்கு ஒருதடவ வர்றது தனி, டெங்கு மாதிரி திடீர்னு வர்றது தனின்னு பிரிச்சு எழுதுங்க, யாருக்கு எத்தன பங்கு, பில்லு அனுப்புனா எத்தன நாள்ல காசு வரணும், வருஷா வருஷம் எவ்ளோ ஏத்தணும் எல்லாத்தயும் சேத்து. டேகேர்னா இன்னும் நோண்டி எழுதணும். அரையாண்டு லீவுக்கு ஃபுல் டே சார்ஜ், ஆறு மணி தாண்டுனா லேட் சார்ஜ்னு வந்துட்டே இருக்கும், 200 ரூபா லேட் சார்ஜுக்கு நாங்க ரெண்டு நாள் சண்ட போட்ருக்கோம் (யாரால லேட்டாச்சோ அவங்க கட்டணும்னு எழுதிருந்தா முடிஞ்சிருக்கும்).

"பாதி பாதி போட்டுக்கலாம்" கேக்க நல்லாத்தான் இருக்கும். ஒருத்தர் 70,000 வாங்கி இன்னொருத்தர் 22,000 வாங்குனா அது எப்படிங்க பாதி? 2000-ல பத்மஜா சர்மா கேஸ்ல அப்பா சம்பளம் அம்மாவ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்குன்னு பாத்து, புள்ளைங்க செலவ 2:1-ன்னு சுப்ரீம் கோர்ட்டே பிரிச்சுது. சம்பளத்த மறைக்கிறதும் இப்ப கஷ்டம், 2020-ல வந்த ரஜ்னேஷ் கேஸ் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் மெயின்டனன்ஸ் (ஜீவனாம்சம்) கேஸ்ல ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாத்தயும் அஃபிடவிட்டா (சத்தியம் பண்ணி எழுதுற பத்திரமா) குடுக்கணும்.

பொண்ணுங்க பண்ற பெரிய தப்பு ரோஷம். "உன் காசே வேணாம், புள்ளய மட்டும் விடு"ன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுறது. உங்க ஜீவனாம்சத்த நீங்க வேணாம்னு சொல்லலாம், புள்ளயோட உரிமைய விட்டுக்குடுக்க உங்களுக்கு உரிமை இல்லன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, அதனால எழுதிக் குடுத்துட்டவங்களும் வக்கீல்ட்ட ஒருதடவ கேளுங்க.

ஆம்பளைங்க தப்பு வேற, வேல போச்சுன்னா சொல்லாம கொள்ளாம நிறுத்திடுவாங்க. ஜீவனாம்சத்துக்கான சட்டப் பிரிவு பழைய சிஆர்பிசில 125, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 144, அதுல வந்த ஆர்டர்னா தொகைய கொறைக்கச் சொல்லி 146-வது பிரிவுல மனு போடலாம். சும்மா இருந்தா பாக்கி ஏறிட்டே போகும், கட்டாததுக்கு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாலும் அந்தக் கடன் அடையாது. வாங்க வேண்டியவங்களும் "பாவம், அப்புறம் குடுப்பாரு"ன்னு வருஷக்கணக்கா இருக்காதீங்க, ஒவ்வொரு மாசப் பாக்கிக்கும் ஒரு வருஷத்துக்குள்ள வசூல் மனு போடணும்.

காசு வரலன்னு புள்ளய காட்டாம இருக்கறதும், காட்டலன்னு காச நிறுத்துறதும் கோர்ட்ல எடுபடாது, அது வேற இது வேற. கையில கேஷா குடுக்காதீங்க, ஜிபேல "ஜூலை வேன்"னு ஒரு வார்த்த போட்டு அனுப்புங்க. பர்த்டேக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்துட்டு அந்த மாசத்துக் காசுல கழிச்சுக்கறதெல்லாம் ரொம்ப ஓவர்.

எங்களுக்கு இப்ப 2:1தான் (அவர் ரெண்டு பங்கு, நான் ஒரு பங்கு), செலவெல்லாம் போட போன்ல ஒரு ஷீட், ரெண்டு பேரும் பாக்கலாம். போன மாசம் ஷூ 1,200-ன்னு போட்டேன், "ஜூன்லதானே வாங்குனோம்"னு கேட்டாரு. பழைய ஷூல பையன் கட்டவிரல் துருத்திட்டு நிக்கிறத போட்டோ எடுத்து அனுப்புனேன், சாயங்காலமே 800 வந்துடுச்சு.